அப்பத்தாவின் முழங்கால், மணியின் பின்னங்கால்: எந்த வைத்தியத்துக்குப் போவது?

"இந்த வீட்டுல ரெண்டு நொண்டி இருக்கோம்" என்று அப்பத்தா சொல்லிச் சிரிப்பார். அவருக்கு 81 வயது, முழங்கால் இரண்டும் தேய்ந்துவிட்டன. மணிக்கு 12 வயது. நாட்டு நாய், பின்னங்கால்கள் விறைத்துக்கொள்கின்றன. பள்ளத்தூரில் எங்கள் வீட்டு வளவில், அதாவது முற்றத்தைச் சுற்றிய உள்கட்டில், விடிந்ததும் இருவரும் எழுந்திருக்கப் படும் பாடு வேடிக்கையாகவும் இருக்கும், வயிற்றைப் பிசையவும் செய்யும். ஒருவர் தூணைப் பிடித்து எழுந்துவிடுவார். இன்னொருவருக்குப் பிடிக்கக் கையில்லை.

போன மார்கழியில் இருவருக்கும் வலி கூடியது. அப்புறம் என்ன, ஊரே வைத்தியம் சொன்னது. கொத்தமங்கலத்துப் பெரியம்மா சித்த வைத்தியத் தைலம் என்றார். அலுவலகத்தில் ஒருவர் தொடு சிகிச்சை ஹீலர் ஒருவரின் நம்பரைக் கொடுத்தார். சென்னையில் இருக்கும் சித்தி மகள், கையால் சக்தி அனுப்பிக் குணப்படுத்துவதாகச் சொல்லும் ரெய்கியில் இரண்டாம் நிலை முடித்தவள். "போட்டோ மட்டும் அனுப்புக்கா, ரெண்டு பேருக்கும் இங்கேயிருந்தே அனுப்புறேன்" என்றாள். பால்காரர் கயிறு மந்திரித்துக் கட்டச் சொன்னார். மலர் மருந்து, ஹோமியோபதி உருண்டை, பிராணிக் ஹீலிங் என்று மற்றவர்கள் ஆளுக்கொன்று.

எனக்குக் காரைக்குடியில் கணக்கு எழுதுகிற வேலை. எதையும் கோடு போட்டுப் பிரித்து எழுதினால்தான் புரியும். ஒரு பழைய நோட்டை எடுத்து, ஒவ்வொரு வைத்தியத்துக்கும் எதிரே ஒரே கேள்வியை எழுதினேன். இதற்குப் போனால் டாக்டரிடம் போவது எத்தனை நாள் தள்ளிப்போகும்? செலவு, பக்கவிளைவு, நம்பிக்கை எல்லாம் அதற்கு அடுத்த பத்தியில்தான்.

ஏன் அந்தக் கேள்வி? இரண்டு வருஷத்துக்கு முன் எங்களுக்குத் தெரிந்த வீட்டில் ஒரு லாப்ரடார் இருந்தது. சாப்பாட்டை ஒதுக்கியது, உடம்பு சுட்டது. வீட்டுக்காரர்கள் நாய் மேல் உயிரையே வைத்திருந்தார்கள், அதனால் சும்மா இருக்கவில்லை. ஆன்லைனில் ஒரு ஹீலரைப் பிடித்தார்கள். போட்டோவை வைத்துத் தினமும் அரைமணி நேரம் சக்தி அனுப்பினார். நாய் இன்னும் சோர்ந்தபோது, "கெட்டது வெளியேறுகிறது, அதனால்தான் சோர்வு" என்றார். ஆறாம் நாள் மூக்கில் ரத்தம். கால்நடை மருத்துவர் உதட்டைத் தூக்கி ஈறைப் பார்த்தார், காகிதம் மாதிரி வெளுத்திருந்தது. உண்ணிக் காய்ச்சல். உண்ணி கடிக்கும்போது எர்லிசியா என்ற கிருமி உள்ளே போய் ரத்தத் தட்டணுக்களைக் குறைத்துவிடும். ஆரம்பத்தில் கண்டுபிடித்தால் டாக்ஸிசைக்ளின் மாத்திரையை மூன்று நாலு வாரம் கொடுத்துப் பெரும்பாலும் மீட்டுவிடலாம். அன்று இரவே அந்த நாய் போய்விட்டது. அந்த ஹீலர் அதன் உடம்புக்குள் ஒன்றும் செலுத்தவில்லை என்பது உண்மைதான். ஐந்து நாளை எடுத்துக்கொண்டார்.

இனி நோட்டுக்கு வருகிறேன்.

கையை வைப்பதும் வைக்காததும்

ரெய்கி பழங்கால ரகசியம் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. ஜப்பானில் மிக்காவோ உசுயி என்பவர் 1922இல் தொடங்கியது. எங்கள் ஊர் மாளிகைகள் பலவற்றைவிட வயது குறைவு. பிராணிக் ஹீலிங் இன்னும் இளையது. பிலிப்பைன்ஸில் இருந்த சோவா கோக் சுயி 1980களில் பரப்பியது. ரெய்கியில் கையை உடம்பின் மேலோ சற்று உயரத்திலோ வைப்பார்கள். பிராணிக்கில் தொடவே மாட்டார்கள். உடம்பைச் சுற்றியுள்ள ஒளிவட்டத்தைக் கையால் துழாவி, அழுக்கை வழித்து, உப்புத் தண்ணீர்க் கிண்ணத்தில் உதறுவார்கள். இரண்டுக்கும் அடிப்படை ஒன்றுதான்: கண்ணுக்குத் தெரியாத ஓர் உயிர்ச்சக்தி, அதைக் கையால் உணரலாம், அனுப்பலாம்.

இதை எதிர்வீட்டு மாமாவிடம் சொன்னேன். அவர் சிக்ரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். 1948இல் நேரு அடிக்கல் நாட்டிய அந்த மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிற ஊர்ப்பக்கம் எங்களுடையது, 'ஆற்றல்' என்ற சொல்லை யாரும் சும்மா விடமாட்டார்கள். மாமா வெற்றிலையை மடித்துக்கொண்டே கேட்டார்: "எந்த மீட்டர்ல பாத்தாங்களாம்?"

மீட்டர் இல்லை. ஆனால் ஒரு சின்னப்பெண் செய்த சோதனை இருக்கிறது. அமெரிக்காவில் எமிலி ரோசா என்ற 9 வயதுச் சிறுமி, இதே வகையைச் சேர்ந்த 'தெரப்யூட்டிக் டச்' செய்பவர்கள் 21 பேரை அழைத்தாள். நடுவில் ஒரு அட்டைத் தடுப்பு. அதில் இரண்டு ஓட்டை, அவர்கள் இரண்டு கையையும் அதன் வழியே நீட்ட வேண்டும். காசு சுண்டி, ஏதாவது ஒரு கைக்கு மேலே தன் கையை வைப்பாள். எந்தக் கைக்கு அருகே என்று அவர்கள் உணர்ந்து சொல்ல வேண்டும். 280 தடவையில் 123 தடவைதான் சரி, அதாவது 44 சதவீதம். கண்ணை மூடிக்கொண்டு குத்துமதிப்பாகச் சொல்லியிருந்தால்கூடப் பாதி வந்திருக்கும். 1998இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் அது வெளிவந்தது. இன்னொன்று 2008இல். உடம்பெங்கும் தசைவலி தரும் ஃபைப்ரோமயால்ஜியா உள்ள 100 பேருக்கு, ரெய்கி மாஸ்டர்களும் ரெய்கி தெரியாத நடிகர்களும், தொட்டும் தூரத்திலிருந்தும் சிகிச்சை செய்தார்கள். இரு தரப்பிலும் வலி குறையவில்லை.

இவ்வளவையும் தெரிந்துகொண்டபின் சித்தி மகளைக் கிண்டல் செய்யலாம் என்றுதான் இருந்தேன். பொங்கலுக்கு வந்தவள் அப்பத்தாவின் முழங்கால் மேல் இருபது நிமிஷம் கையை வைத்துக்கொண்டு, பேசாமல் உட்கார்ந்திருந்தாள். அன்று ராத்திரி அப்பத்தா நடுவில் எழுந்திருக்காமல் தூங்கினார். சக்தியோ இல்லையோ, இந்த வீட்டில் இருபது நிமிஷம் போனைப் பார்க்காமல் அவர் பக்கத்தில் உட்கார்ந்த ஆள் நான் இல்லை, அவள்தான். அதை நோட்டில் எழுதிக்கொண்டேன். கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

நோட்டில் எழுதிய ஒப்பீடு ஒன்று மட்டும் எனக்கே சிரிப்பை வரவழைத்தது. ஆற்றல் சிகிச்சை நமக்கு ஒன்றும் புதிதில்லை. அம்மன் கோயில் வேப்பிலை, விபூதி போட்டுப் பார்வை பார்ப்பது, தர்காவில் ஓதி ஊதிய தண்ணீர், மிளகாயும் உப்பும் சுற்றி அடுப்பில் போடுவது எல்லாம் அதே ரகம். மாட்டுக்கும் கன்றுக்கும்கூடச் செய்வார்கள். கட்டணம் வெற்றிலை பாக்கும் தட்டில் வைக்கிற சில்லறையும். எங்கள் தெருவில் மந்திரிக்கிற தாத்தா மணியின் நெற்றியில் திருநீறு பூசிவிட்டு, "ஆஸ்பத்திரிக்கும் ஒரு எட்டுக் கூட்டிட்டுப் போயிரு ஆத்தா" என்றார். ஆன்லைன் அமர்வுக்கு 1,500 ரூபாய் கேட்ட இன்னொருவர் அதைச் சொல்லவில்லை. என் முதல் கேள்விக்குத் தாத்தா எடுத்தது நூற்றுக்கு நூறு.

சட்டமும் இருக்கிறது. 1954ஆம் வருஷத்து மருந்துகள், மாய சிகிச்சைகள் விளம்பரச் சட்டம், தாயத்து, மந்திரம், கவசம் போன்றவற்றால் நோய் தீரும் என்று விளம்பரம் செய்வதைத் தடுக்கிறது. மனிதருக்கு மட்டுமில்லை, விலங்குகளின் நோய்க்கும் சேர்த்துத்தான். கயிறு கட்டுவதை யாரும் தடுக்கவில்லை. குணமாகும் என்று போஸ்டர் ஒட்டினால்தான் வம்பு.

நாய்க்கு நம்பிக்கை கிடையாது, நமக்கு உண்டு

"மனுஷனுக்கு நம்பிக்கையால் குணமாகலாம். நாய்க்கு என்ன தெரியும்? அதுக்கும் சரியாகுதே, அப்ப உண்மைதானே?" இதைப் பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். கேட்டதும் சரியாகத்தான் படும்.

ஆனால் நாய்க்குச் சரியாகிவிட்டது என்று சொல்வது நாய் இல்லை, நாம். 2012இல் அமெரிக்காவில் மூட்டுத் தேய்மானம் உள்ள நாய்களுக்கு மருந்தில்லாத வெற்று மாத்திரை கொடுத்தார்கள். கால் எவ்வளவு பாரம் தாங்குகிறது என்று அளக்கும் தட்டில் நடக்கவிட்டபோது முன்னேற்றம் தெரியாத நாய்களையும், வளர்த்தவர்கள் "நல்லா நடக்குது" என்றார்கள். கால்நடை மருத்துவர்களில்கூட நிறையப் பேர் அப்படியே சொன்னார்கள். தவிர, மூட்டு வலி ஒரே அளவில் நிற்காது, ஏறி இறங்கும். ரொம்ப ஏறிய நாளில்தான் நாம் வைத்தியம் தேடி ஓடுவோம். அடுத்த வாரம் அது தானாக இறங்கும். பேர் வைத்தியருக்கு.

சரி, எங்கள் வீட்டிலேயே பார்த்துவிடலாம் என்று சித்தி மகளிடம் ஒரு பேரம் பேசினேன். 14 நாளில் அவள் விரும்பிய 7 நாள் மணிக்கு அனுப்ப வேண்டும். எந்த நாள் என்று எனக்குச் சொல்லக் கூடாது. நான் காலை 6 முதல் 7 வரை மணி எத்தனை தடவை வழுக்குகிறான் என்று கோடு போட்டு வைப்பேன். நல்ல பிள்ளை, கோபித்துக்கொள்ளாமல் சம்மதித்தாள். கடைசியில் இரண்டு பேர் கணக்கையும் சேர்த்துப் பார்த்தோம். அனுப்பிய நாளுக்கும் அனுப்பாத நாளுக்கும் சொல்லிக்கொள்கிற வித்தியாசம் இல்லை. "சரி விடுக்கா, நான் அனுப்பிக்கிட்டேதான் இருப்பேன்" என்றாள். இருக்கட்டும். அவள் காசு கேட்கவில்லை, மாத்திரையை நிறுத்தச் சொல்லவும் இல்லை.

ரெய்கிக்காரர்களிடம் ஒரு நல்ல பழக்கம் உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். விலங்குகளோடு பழகியவர்கள் கையை வலுக்கட்டாயமாக வைக்க மாட்டார்கள். தள்ளி உட்கார்ந்துகொள்வார்கள். பிராணி தானாக வந்தால் சரி, எழுந்து போனாலும் சரி. அடிபட்டுப் பயந்த தெருநாயையோ புதிதாக வந்த பூனையையோ பழக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

உள்ளே ஏதோ இருக்கிற வைத்தியங்கள்

சித்த மருத்துவத்தை ரெய்கியோடு ஒரே பையில் போடுவது எனக்குப் பிடிக்காது. ஐந்தரை வருஷம் படித்துப் பட்டம் வாங்குகிற படிப்பு அது, அரசு மருத்துவமனைகளிலேயே பிரிவு இருக்கிறது. அப்பத்தாவை அங்கேதான் கூட்டிப்போனேன். அந்த டாக்டர் முதலில் கேட்டது, "ரத்த அழுத்த மாத்திரை என்னென்ன சாப்பிடுறீங்க?" அதை நிறுத்தாமல், மேலே தடவ வாதகேசரித் தைலமும், நொச்சி இலை ஒத்தடமும், தொடையை இறுக்கித் தளர்த்தும் ஒரு பயிற்சியும் சொன்னார். முடக்கத்தான் தோசை தாராளமாகச் சாப்பிடலாம் என்றார். அப்பத்தாவுக்குத் தைலத்தைவிட ஒத்தடம் பிடித்துவிட்டது.

இதற்கு நேர் எதிரே, அலுவலகத்தில் சொன்ன தொடு சிகிச்சை ஹீலர். நாடியைப் பிடித்துப் பார்த்து, மணிக்கட்டருகே ஒரு விரலால் தொட்டார். வலியில்லை, ஊசியில்லை, காசும் அதிகமில்லை. பிறகு, "இனி எந்த மாத்திரையும் வேண்டாம், உடம்பு தன்னைத்தானே பார்த்துக்கொள்ளும்" என்றார். இருபது வருஷமாக ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவரிடம்! தொடுவதில் ஒரு கெடுதலும் இல்லை, கூடவே வருகிற அந்த உபதேசத்தில்தான் பக்கவாதம் இருக்கிறது. நோட்டில் அந்தப் பக்கத்தை அடித்துவிட்டேன்.

ஹோமியோபதிக்கு அதிக இடம் தேவையில்லை. 30சி என்று சீட்டில் எழுதியிருந்தால், ஒன்றுக்கு நூறு என்ற கணக்கில் முப்பது தடவை நீர்த்தது என்று பொருள். பன்னிரண்டு தடவை தாண்டினாலே மூலப்பொருளின் ஒரு மூலக்கூறுகூட மிஞ்சாது. ஆஸ்திரேலியாவின் தேசிய மருத்துவ ஆராய்ச்சிக் குழு 2015இல் இருக்கிற ஆய்வுகளை எல்லாம் அலசி, எந்த நோய்க்கும் நம்பத்தக்க ஆதாரம் இல்லை என்றது. மலர் மருந்து எட்வர்ட் பாக் 1930களில் உருவாக்கிய 38 வகை. வழக்கமாகப் பிராந்தியில் போட்டு வைப்பார்கள். அப்பத்தாவிடம் அதைச் சொன்னதும் முகம் மாறியது, அதோடு முடிந்தது.

மனிதருக்கும் பிராணிக்கும் கணக்கு பிரிவது தைலத்தில்தான். அப்பத்தா முழங்காலில் தடவினால் அங்கேயே இருக்கும். மணி நக்கிவிடுவான். கற்பூரம் சேர்ந்த தைலம், வலி நிவாரணக் களிம்பு எல்லாம் நாய் பூனைக்கு விஷம். டீ ட்ரீ எண்ணெய் 'இயற்கையானது' என்று பூனைக்குத் தடவுகிறவர்கள் இருக்கிறார்கள், அதுவும் விஷமே. ஆங்கில மருந்திலும் இதே கதைதான். நமக்குச் சாதாரணமான பாரசிட்டமால் ஒரு பூனையைக் கொல்லப் போதும். மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபினாக் என்ற வலி ஊசியால், செத்த மாட்டைத் தின்ற கழுகுகள் இந்தியாவில் அழிகிற நிலைக்குப் போயின. 2006இல்தான் கால்நடைக்கு அதைத் தடை செய்தார்கள். 'இயற்கை', 'செயற்கை' என்று பிரிப்பதால் ஒன்றும் தெரிவதில்லை. யார் உடம்பு, எவ்வளவு, நக்குமா என்று கேட்க வேண்டும்.

மாட்டு விஷயத்தில் நம் ஆட்கள் நன்றாகவே கேட்டிருக்கிறார்கள். பால்காரர் மாட்டுக்கு மடிவீக்கம் வந்தபோது அவர் கயிறும் கட்டினார், கற்றாழையும் அரைத்தார். சோற்றுக் கற்றாழை 250 கிராம், மஞ்சள்தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம். சேர்த்து அரைத்துக் கொஞ்சம் தண்ணீரில் கரைத்து, பாலைச் சுத்தமாகக் கறந்துவிட்டு, மடி முழுக்க ஒரு நாளைக்குப் பத்துத் தடவை பூச வேண்டும். இது பாட்டி சொன்னதோடு நின்றுவிடவில்லை. தமிழ்நாடு கால்நடைப் பல்கலைக்கழகம் மரபு வைத்தியத்தைத் தொகுத்து ஆராய்ந்திருக்கிறது, தேசிய பால்வள வாரியமும் இந்த முறையைப் பரப்புகிறது. ஆன்ட்டிபயாட்டிக் போட்டால் பாலில் இறங்கும், சில நாள் பாலைக் கொட்ட வேண்டும். ஆரம்ப நிலையிலேயே இதைச் செய்தால் அந்த நஷ்டம் மிச்சம். பாலில் ரத்தம் வந்தாலோ, மாடு காய்ச்சலோடு தீவனத்தை ஒதுக்கினாலோ மட்டும் காத்திருக்கக் கூடாது, 1962க்கு அடித்தால் கால்நடை ஆம்புலன்ஸ் வரும். நான் பார்த்த ஒப்பீடுகளிலேயே கயிறு, கற்றாழை, டாக்டர் மூன்றும் ஒன்றை ஒன்று தடுக்காமல் நின்றது அந்தத் தொழுவத்தில்தான்.

ஒப்பிடவே கூடாதவை

நாய்க்கடி. சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் 15 நிமிஷம் கழுவிவிட்டு நேரே அரசு மருத்துவமனைக்கு. தோலில் போடும் முறையில் முதல் நாள், 3, 7, 28ஆம் நாள் என்று தடுப்பூசி. தோல் கிழிந்து ரத்தம் வந்திருந்தால் அதோடு இம்யூனோகுளோபுலின் என்ற இன்னொரு ஊசியும் உண்டு. மிளகாய்ப்பொடி, சுண்ணாம்பு, பச்சிலை எதுவும் காயத்தில் படக் கூடாது. வெறிநோய் அறிகுறி வந்தபின் பிழைப்பது அநேகமாக இல்லை. மாட்டை வெறிநாய் கடித்தாலும் ஊசிதான். பாம்புக்கடிக்கும் பார்வை பார்க்கப் போகாதீர்கள், 108. குட்டிநாய் ரத்தமாகக் கழிந்து வாந்தி எடுத்தால் பார்வோ என்ற வைரஸ் நோயாக இருக்கலாம், அன்றே டாக்டர். வைரவன்பட்டி வைரவருக்கு நாய்தான் வாகனம், அவரிடம் வேண்டிக்கொள்ளுங்கள், ஆட்டோவில் போகும்போது.

கடைசியில் நாங்கள் போனது

மணியை அரசு கால்நடை மருந்தகத்துக்குத் தூக்கிப்போனேன். டாக்டர் இடுப்பு மூட்டை அசைத்துப் பார்த்தார், எடை போட்டார், 26 கிலோ. "இவனுக்கு மூணு கிலோ அதிகம். யார் ஊட்டுறது?" நான் அப்பத்தாவைக் காட்டிக்கொடுக்கவில்லை. ஆனால் வெள்ளைப் பணியாரம் சுட்ட நாளெல்லாம் முதல் ஈடு மணிக்குத்தான் போகிறது என்பது ஊருக்கே தெரியும். நாய்க்கான அளவில் மெலாக்சிகாம் என்ற வலி மருந்தைச் சில நாளைக்குக் கொடுத்தார். வாந்தி எடுத்தாலோ கறுப்பாகக் கழிந்தாலோ உடனே நிறுத்தச் சொன்னார். நகத்தை வெட்டினார். பிறகு யாரும் கேட்காத ஒரு கேள்வி கேட்டார்.

"வீட்டுல என்ன தரை?"

ஆத்தங்குடிக் கல். கண்ணாடித் தட்டில் வார்த்து எடுப்பதால் பிறக்கும்போதே மினுமினுப்பு. போதாததற்கு அப்பத்தா வெள்ளிக்கிழமைதோறும் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைக்கச் சொல்வார், முகம் தெரியும். வழுக்காமல் இருக்க மணி நாள் முழுக்கப் பின்னங்காலை இறுக்கிப் பிடித்துக்கொண்டே நடந்திருக்கிறான். அப்பத்தாவும் அப்படித்தான், அதே தரை, அதே பயம். சித்தா டாக்டரும் நாய் டாக்டரும் சொல்லிவைத்தாற்போல் தசையைத்தான் பேசினார்கள். தேய்ந்த மூட்டை மருந்தால் பழையபடி ஆக்க முடியாது, சுற்றியுள்ள தசைக்கு வேலை கொடு, வழுக்குவதை நிறுத்து.

காரைக்குடியில் ரப்பர் விரிப்பு வாங்கி, படுக்கிற இடத்திலிருந்து முற்றம் வரைக்கும் ஒரு பாதை போட்டேன். வளவுக்குள் கறுப்பு ரப்பர், பார்க்க லட்சணமாக இல்லைதான். மறுநாள் காலை நோட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மணி வழுக்கிய கோடு ஒன்றே ஒன்று, அதுவும் விரிப்பை விட்டு இறங்கியபோது. அப்பத்தா தூணைத் தொடாமல் முற்றம் வரை போய்விட்டுத் திரும்பி வந்து, யாராவது பார்த்தோமா என்று பார்த்தார்.

எண்ணெய் போட்டுத் துடைப்பது பற்றி மட்டும் ஒரு வாரம் பேச்சுவார்த்தை நடந்தது. முகப்பில் போடலாம், வருகிறவர்கள் பார்ப்பார்கள். வளவில் வெறும் ஈரத்துணி. பணியாரம் பற்றி இன்னும் உடன்பாடு வரவில்லை.